போருக்கு முந்தைய சிற்றலையில் ஒரு வாரம்

இரண்டாம் உலகப் போருக்கு முன் சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒருவர், ஒரு வாரத்தில் பொழுதுபோக்காக எதையெல்லாம் கேட்டிருக்க முடியும் என்பது கேள்வி. "உலகம் முழுவதையும்" என்று சொல்லிவிடலாம். அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எத்தனை மணிக்குப் பெட்டியின் முன் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சிற்றலையில் எது கேட்கும், எது கேட்காது என்பது முடிவாகும். ஆகவே ஓரிடத்தையும் ஒரு பருவத்தையும் வரையறுத்துக்கொண்டு எழுதுகிறேன். இடம் அமெரிக்காவின் வடகிழக்குக் கரை. காலம் 1934–35 குளிர்காலம். மத்திய அலையையும் சிற்றலையையும் ஒரே பெட்டியில் தரும் வானொலிகள் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்த பருவம் அது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் நடத்திய 'ஷார்ட் வேவ் கிராஃப்ட்' போன்ற இதழ்கள், எந்த நிலையம் எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு எந்த மீட்டரில், அதாவது எந்த அலைநீளத்தில், ஒலிபரப்புகிறது என்ற அட்டவணையை மாதந்தோறும் அச்சிட்டுவந்ததால், அந்த வாரத்தை ஓரளவு நம்பிக்கையோடு மறுபடி அடுக்கிப் பார்க்க முடிகிறது. கீழே வரும் நேரங்கள், வேறு வகையில் குறிக்காதவரை, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். கிரீன்விச்சுக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நேயர் கேட்டவற்றில் பெரும்பகுதி அவருக்காகத் தயாரிக்கப்பட்டது அன்று. 1932 டிசம்பர் 19 அன்று இங்கிலாந்தின் டேவன்ட்ரியிலிருந்து பி.பி.சி. தொடங்கிய பேரரசு ஒலிபரப்பு, ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களை எண்ணிச் செய்யப்பட்டது. அதற்கான பணமும் பிரிட்டனில் உள்ளூர் நேயர்கள் கட்டிய உரிமக் கட்டணத்திலிருந்தே வந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் முயற்சியால் எழுந்த டச்சு ஒலிபரப்பு ஜாவா, சுமத்ராவிலிருந்த டச்சுக்காரர்களுக்கானது. பாரிஸுக்கு அருகே போன்ட்வாஸில் 1931இல், குடியேற்ற நாடுகளின் கண்காட்சியை ஒட்டித் தொடங்கிய பிரெஞ்சு நிலையத்தின் பெயரிலேயே குடியேற்றம் இருந்தது. அமெரிக்க நேயர் இவற்றையெல்லாம் அடுத்த வீட்டுப் பேச்சைப் போல் ஒட்டுக்கேட்டார். அவரை நேராக விளித்துப் பேசிய நிலையங்கள் சிலவே. அவை யாருடையவை என்பது இந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

வாரத்தைக் கிழமைகள் ஓரளவு வகுத்தன; சூரியன் அதைவிடக் கண்டிப்பாக வகுத்தது. பகல் வெளிச்சம் நிறைந்த பாதையில் 16, 19 மீட்டர் அலைகள் செல்லும். பிற்பகலிலிருந்து 25, 31 மீட்டர். முழு இருட்டில் 49 மீட்டர். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை 1933இல் மிகத் தாழ்ந்து, 1934–35இலும் குறைவாகவே இருந்தது. சிற்றலையை வானிலிருந்து பூமிக்குத் திருப்பிவிடும் அயனி மண்டலம் அடர்த்தி குன்றியிருந்தமையால் குறுகிய அலைநீளங்கள் சூரியன் சாய்ந்ததுமே அடங்கிவிடும். மாலைப்பொழுது முழுவதும் 31 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு நகரும். நாற்பது மீட்டரை ஒட்டிய பகுதியில் தென்னமெரிக்க நிலையங்கள் தமக்குப் பிடித்த இடத்தில் பாய் விரித்திருந்தன.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த பெட்டி வாங்கியவருக்கு நகரங்களின் பெயர் அச்சிட்ட முகப்பும், பெரிய ஒலிபெருக்கியும் கிடைத்தன. ஆனால் சிற்றலைப் பித்துப் பிடித்தவர்களில் பலர் இரண்டு, மூன்று வால்வுகளைக் கொண்டு தாமே கட்டிய பெட்டியைத்தான் வைத்திருந்தார்கள். அதில் அலைவரிசைப் பகுதியை மாற்ற, ஒரு சுருளைப் பிடுங்கிவிட்டு இன்னொரு சுருளைச் செருக வேண்டும். பெருக்கிய அலையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே ஊட்டும் திருகு ஒன்று இருக்கும். அதைக் கூட்டிக்கொண்டே போனால் பெட்டி தானாக ஊளையிடத் தொடங்கும். அந்த நிலையில் வைத்து முகப்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால், ஒரு நிலையத்தைக் கடக்கும்போது காதில் ஒரு சீழ்க்கை உயர்ந்து, தாழ்ந்து, மறைந்து, மறுபடி உயரும். சீழ்க்கை மறையும் அந்தப் புள்ளியில் நிறுத்தி, ஊட்டுத் திருகைச் சற்றே பின்வாங்கினால் குரல் வெளிவரும். கையை எடுத்தால் குரலும் போய்விடலாம். கையின் அருகாமையே அலைவரிசையை மாற்றக்கூடிய பெட்டிகள் அவை. இப்படிப் பிடித்த குரலைக் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்டவருக்கு, வயலின் வாசித்தவர் யார் என்பதைவிட அது எந்த ஊர் என்பதே பெரிய கேள்வியாக இருந்திருக்கும்.

வாரத்தின் சிறந்த நாள் ஞாயிறு. விடிவதற்கு முன்பே எழுந்தவருக்கு 31.28 மீட்டரில் சிட்னியின் வி.கே.2 எம்.இ. நிலையம் கிடைத்தது. அதன் அடையாள ஒலி, ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் பறவையான கூக்கபராவின் உரத்த சிரிப்பு. காலை ஆறு மணி என்றால் சிட்னியில் இரவு ஒன்பது. இடையிலுள்ள பசிபிக் பாதை பெரும்பாலும் இருட்டில் இருக்கும் அந்த ஓரிரு மணி நேரம்தான் வாய்ப்பு. இசைத்தட்டுகள், ஆஸ்திரேலியாவைப் பற்றிய சிறு பேச்சு, மீண்டும் இசைத்தட்டுகள் என்று நிகழ்ச்சி சாதாரணமாகவே இருக்கும். விடிந்து வெளிச்சம் ஏற ஏறக் குரல் தேய்ந்து இரைச்சலில் கரைந்துவிடும்.

முற்பகலில் ஹங்கேரியின் எச்.ஏ.எஸ்.3 நிலையம் 19.52 மீட்டரில் ஒரு மணி நேரம் வரும். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வருகிற நிலையங்கள் இப்படிப் பல. அவற்றைத் தவறவிட்டால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும். டச்சுக்காரர்களின் ஞாயிறு நிகழ்ச்சி ஒன்றைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். எடி ஸ்டார்ட்ஸ் என்பவர் 1928இல் தொடங்கிய 'ஹேப்பி ஸ்டேஷன்' அது. ஒரே மூச்சில் பல மொழிகளில் அறிவிப்பார், அரசியல் பேசமாட்டார், நேயர் கடிதங்களைப் படிப்பார், துள்ளலான இசைத்தட்டுகளைப் போடுவார். சிற்றலையில் பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காகவே செய்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன். பிற நிலையங்கள் தத்தம் நாட்டின் பெருமையை இசையின் நடுவே வைத்துப் பரிமாறின.

ஞாயிறு மாலை ஆறு மணியை ஒட்டி ஈக்வடாரின் குவயாகில் நகரத்து எச்.சி.2 ஆர்.எல். வரும். தனியொருவரின் நிலையம், 45 மீட்டரில் ஞாயிறும் செவ்வாயும் மட்டும் ஒலிபரப்பு, தொடக்கத்திலும் முடிவிலும் நாட்டுப்பண். வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மேல் அதே நாட்டின் மலைநகரமான ரியோபாம்பாவிலிருந்து பிராடோ என்ற நிலையம். அமெரிக்கச் சிற்றலை நேயர்களின் நாட்குறிப்புகளில் வியாழன் என்றாலே பிராடோ என்று ஆகிவிட்ட அளவுக்கு அது பழகியிருந்தது.

தென்னமெரிக்க நிலையங்களைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு. அந்த வாரத்தின் உயிரோட்டமான இசை லண்டனிலிருந்தோ பெர்லினிலிருந்தோ வரவில்லை. கரகாஸ், பரன்கியா போன்ற ஊர்களிலிருந்து வந்தது. இவை உள்ளூர்க்காரர்களுக்கான நிலையங்கள். மலைகளும் காடுகளும் குறுக்கிட்ட நாடுகளில், வெப்பமண்டல இடி மின்னல் இரைச்சலில் மத்திய அலை எடுபடாது என்பதால் சிற்றலையை எடுத்துக்கொண்டவர்கள். ஸ்டுடியோவில் ஒரு மரிம்பாக் குழு உட்கார்ந்து வாசிக்கும். இடையில் மணி அடிக்கும். சோப்புக்கும் பீருக்கும் விளம்பரம் வரும். மறுபடி ஆட்ட இசை. மத்திய அமெரிக்க நாடான கோஸ்ட்டாரிகாவின் ஹெரேதியா ஊரில் அமாந்தோ செஸ்பெதெஸ் மரின் என்பவர் நடத்திய டி.ஐ.4 என்.ஆர்.எச். தொடக்கத்தில் வெறும் 7.5 வாட் திறனில் ஒலிபரப்பி, கடல் கடந்தும் கேட்டது. ஒரு சிறு மின்விளக்குக்கு ஆகும் மின்சாரம் அது.

வார நாட்களின் பகல், வேலைக்குப் போகிறவருக்கு இல்லை என்றே சொல்லலாம். வீட்டிலிருந்தவர்களுக்குக் காலை பத்து மணிக்கு 19.84 மீட்டரில் வாடிகன் கிடைத்தது. மார்க்கோனி அமைத்து 1931 பிப்ரவரி 12இல் திறக்கப்பட்ட நிலையம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் விதிவிலக்கு: 1934 டிசம்பர் 25. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கிறிஸ்துமஸ் உரை கிரீன்விச் நேரப்படி பிற்பகல் மூன்று மணியை ஒட்டி, அதாவது இங்கே காலை பத்து மணிக்கு, டேவன்ட்ரியிலிருந்து வந்தது. 1932இல் ரட்யார்ட் கிப்ளிங் எழுதிக் கொடுத்த வாசகங்களோடு தொடங்கிய வழக்கம் அது. அந்த நேரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், பேரரசின் மிகப் பல பகுதிகளைச் சிற்றலையில் ஒரே சமயத்தில் எட்டக்கூடிய வேளை அது என்பதே.

மாலைகள் ஐரோப்பாவுக்குரியவை. வாரத்தில் சில நாட்கள் லிஸ்பனின் சி.டி.1 ஏ.ஏ. நிலையம் குயில்கடிகாரக் கூவலோடு வரும். மாட்ரிடின் இ.ஏ.க்யூ. 30.43 மீட்டரில் கிதாரும் ஸ்பானிய நாடகப் பாடல்களும் தரும், ஆங்கிலத்திலும் அறிவிக்கும். மாஸ்கோவில் நள்ளிரவு அடிக்கும்போது இங்கே மாலை நான்கு; கிரெம்ளின் மணியும், அதைத் தொடர்ந்து 'இன்டர்நேஷனல்' என்ற தொழிலாளர் கீதமும் கேட்கும். டேவன்ட்ரியில் பிக் பென் மணி, நாட்டிய இசைக்குழு, ஆர்கன் கச்சேரி, அறிஞர் ஒருவரின் பேச்சு, செய்தி. முதல் நாள் ஒலிபரப்பிலேயே பி.பி.சி.யின் தலைவர் ஜான் ரீத், தொடக்க காலத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், நிகழ்ச்சிகள் அவ்வளவு சுவையாக இராது என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். இத்தனை நேர்மையான திறப்புவிழா உரை வானொலி வரலாற்றில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

டேவன்ட்ரி நிகழ்ச்சிகளில் பல, நேரடியானவை போல் தோன்றினாலும் நேரடியானவை அல்ல. லண்டனில் மாலை என்றால் ஆஸ்திரேலியாவில் விடியல், கனடாவில் பகல். ஒரே நிகழ்ச்சியைப் பல வேளைகளில் அனுப்ப வேண்டியிருந்தது. கலைஞர்களை ஒவ்வொரு முறையும் அழைக்கக் கட்டுப்படியாகாது. அதற்காக நிகழ்ச்சியைப் பதிவுசெய்யப் பயன்படுத்திய கருவி பிளாட்னர்போன். பின்னாளில் வந்த காந்த நாடாவின் மூதாதை, ஆனால் நாடா உருக்காலானது. நொடிக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் வேகத்தில் அது ஓடும். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் உருக்கு நாடா வேண்டும். ஓடும்போது அறுந்தால், சவர அலகு போன்ற விளிம்புள்ள அந்த உலோகம் அறைக்குள் சீறிச் சுருளும். அருகில் நிற்பது ஆபத்து. ஒட்ட வேண்டுமானால் உலோக வேலைதான் செய்ய வேண்டும். பேரரசின் தொலைதூர மூலைகளில் கேட்ட மென்மையான நடன இசைக்குப் பின்னால் இப்படியொரு பட்டறை இயங்கியது.

இப்போது, நேயரை நேராக விளித்த நிலையங்களுக்கு வருகிறேன். ரோமின் 2 ஆர்.ஓ., திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் "அமெரிக்க நேரம்" என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. செவ்வாய், வியாழன், சனி தென்னமெரிக்காவுக்கு. பறவை ஒலியை இயந்திரத்தால் உண்டாக்கிய இடைவேளைக் கீச்சொலி, ஓபரா, நேபிள்ஸ் பாடல்கள், பெண் அறிவிப்பாளரின் இனிய குரல், இத்தாலிய மொழிப் பாடம், நடுவில் முசோலினி அரசின் சாதனைகள். பெர்லினுக்குத் தெற்கே ஜேசனில் இருந்த ஜெர்மன் நிலையம் இதையே இன்னும் திறமையாகச் செய்தது. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வட அமெரிக்காவை நோக்கித் திருப்பிய ஏரியல்கள் அமைந்தன. மாலைதோறும் 49.83 மீட்டரின் டி.ஜே.சி.யும் அதன் துணை அலைவரிசைகளும் மணிக்கணக்கில் தெளிவாகக் கேட்டன. நாட்டுப்பாடல் மெட்டொன்று மணியொலியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வரும். சிம்பொனியும் இராணுவ பேண்டும் கிராமியப் பாட்டும் தொடரும். கடிதம் எழுதினால் பதில் வரும். மாத நிகழ்ச்சிப் புத்தகம் வீடு தேடி வரும். நேயரின் பெயரைச் சொல்லி வாழ்த்தும் சொல்வார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒலித் தெளிவு, நிகழ்ச்சித் தயாரிப்பு, நேயரிடம் காட்டிய அக்கறை என எந்த அளவுகோலால் அளந்தாலும் அந்த வாரத்தில் அமெரிக்க நேயருக்கு மிகச் சிறந்த ஐரோப்பிய நிலையம் ஜேசன்தான். அதே நிலையத்தை நடத்திய அமைப்பு, யூதக் கலைஞர்களை ஒலிவாங்கியிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தது. 1935 அக்டோபரில் ஜெர்மன் வானொலித் தலைமை ஜாஸ் இசைக்கே தடை விதித்தது. கேட்டவருக்கு இவை ஒலிபரப்பில் தெரிய வழியில்லை. விடுபட்டவர்களின் பெயர்களை எந்த அறிவிப்பாளரும் வாசிப்பதில்லை. பேரரசு நிலையங்கள் தம் மக்களுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்நியருக்காகச் செலவழித்து நிகழ்ச்சி செய்தவர்கள் அந்நியரிடமிருந்து எதையோ எதிர்பார்த்தவர்களே என்பதை 1935இல் உணர்ந்த நேயர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

அந்தப் பருவத்துக்கே உரிய வேறொரு நிகழ்ச்சியும் இருந்தது. ரிச்சர்ட் பேர்டின் இரண்டாவது அண்டார்டிகா பயணக் குழு, பனிக்கண்டத்தில் லிட்டில் அமெரிக்கா என்ற முகாமிலிருந்து கே.எஃப்.இசட். என்ற நிலையத்தின் வழியே வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்தியது. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் விளம்பரதாரர். சிற்றலையில் புவேனஸ் ஐரஸ் சென்று, அங்கிருந்து மறு ஒலிபரப்பாகி நியூயார்க் வந்து, சி.பி.எஸ். நிலையங்கள் வழியே நாடெங்கும் ஒலித்தது. குழுவினர் பாடுவார்கள், அன்றைய வேலையை விவரிப்பார்கள். மறுதிசையில், ஸ்கெனக்டடியின் ஜெனரல் எலக்ட்ரிக் நிலையமான டபிள்யூ2 எக்ஸ்.ஏ.எஃப்., குடும்பத்தார் எழுதிய கடிதங்களை அண்டார்டிகாவுக்கு வாசித்தது. பிள்ளைக்குப் பல் முளைத்த செய்தியும் வீட்டுக்கடன் விவகாரமும் 31.48 மீட்டரில் எவர் வேண்டுமானாலும் கேட்கும்படி போயின. 1935 பிப்ரவரியில் குழு முகாமைக் காலி செய்ததோடு இது முடிந்தது. கனடா வானொலியும் குளிர்கால இரவுகளில் இதே வகையில் வடதுருவக் காவலர்களுக்கும் தோல் வணிகர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் குடும்பச் செய்திகளை வாசித்தது. எழுதிச் செய்த எந்த நாடகத்தையும்விட இந்தக் கடித வாசிப்புகளே அந்த வாரத்தின் சுவையான பகுதி என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஜெனீவாவிலிருந்து சர்வதேச சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்னோடியான லீக் ஆஃப் நேஷன்ஸ்) நிலையம் முக்கால் மணி நேரம் வரும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியத்தில் சங்க நடவடிக்கைகளின் தொகுப்பு. பொழுதுபோக்கு என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தும் இதற்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. காரணம் சரிபார்ப்பு அட்டை. கேட்ட நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம் ஆகியவற்றை எழுதி, பதில் தபாலுக்கான சர்வதேசக் கூப்பனோடு அனுப்பினால், நிலையம் தன் குறிப்போடு ஒத்துப்பார்த்து அட்டை அனுப்பும். அதிக நிலையங்களின் அட்டை வைத்திருப்பவருக்கு 'ஷார்ட் வேவ் கிராஃப்ட்' வெள்ளிக் கோப்பையே கொடுத்தது. எனவே "எதைக் கேட்டார்" என்பதற்கான உண்மையான பதில் பலருக்கு "நிலையத்தின் பெயரை அறிவிக்கும்வரை கேட்டார்" என்பதே. பெயர் கிடைத்ததும் அடுத்த சீழ்க்கைக்கு நகர்ந்துவிடுவார்.

இந்த வாரத்தில் இந்தியா இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தில்லியிலிருந்து சிற்றலை ஒலிபரப்பு 1937 டிசம்பரில்தான் தொடங்கியது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் மத்திய அலையோடு சிற்றலையிலும் பிறந்தது. பரந்த நாட்டைக் குறைந்த செலவில் எட்டச் சிற்றலையே வழி என்று அந்தத் திட்டத்தை வகுத்த தலைமைப் பொறியாளர் சி.டபிள்யூ. கோய்டர், பள்ளி மாணவராக இருந்தபோது 1924இல் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்தோடு முதல் இருவழிச் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தியவர்.

இதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வாரத்தின் நிறம் விரைவாக மாறியது. 1936 ஜூலையில் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டபின் மாட்ரிடின் கிதார் அடங்கி அறிக்கைகள் வந்தன. அந்த ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக்குக்காக ஜேசனில் புதிய ஒலிபரப்பிகள் எழுந்தன. ஒலிம்பிக் முடிந்தும் அவை நின்றுவிடவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பேசிவந்த டேவன்ட்ரி, இத்தாலியின் அரபு ஒலிபரப்புக்குப் பதிலடியாக 1938 ஜனவரி 3இல் அரபு மொழியைத் தொடங்கியது. செப்டம்பரில் மியூனிக் நெருக்கடியின்போது ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளும் சேர்ந்தன. ஹேப்பி ஸ்டேஷன் 1940 மே மாதம் ஜெர்மானியர் ஹாலந்தில் நுழைந்தபோது நின்று, போருக்குப் பிறகே மீண்டது.

இந்த நிகழ்ச்சிகளை இன்று கேட்க முடியுமா என்றால், மன்னரின் உரைகள் போன்ற சிலவற்றைத் தவிரப் பெரும்பாலும் முடியாது. உருக்கு நாடாவை அழித்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள். சிறு நிலையங்கள் பதிவே செய்யவில்லை. மிஞ்சியவை இதழ்களின் அட்டவணைகளும், நேயர்களின் குறிப்பேடுகளும், சரிபார்ப்பு அட்டைகளும். அவற்றைப் படிக்கும்போது எந்த நாட்டு நேரத்தில் அச்சிட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் இதழ் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், அமெரிக்க இதழ் கிழக்குக் கரை நேரத்தில் இருக்கும், இரவு நிகழ்ச்சிகளில் இந்த ஐந்து மணி நேர வித்தியாசத்தில் கிழமையே மாறிவிடும்.